ரோஷக்கார அணுக்கள்

முன்னாடி மூணாவது வரிசையில, ஜன்னலோரமா, மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கா பாரு தாயி, மாம்பழக் கலர் சேலை. அவ உடம்புல ஓடுறது என் ரத்தம். சும்மா பேச்சுக்குச் சொல்லல. அக்கா தங்கச்சின்னா ஒரே ரத்தம்னு ஊர்ல சொல்லுவாகளே, அந்தக் கணக்குலயும் சொல்லல. நெசமாவே என் ரத்தம். முன்னாடி அவ பி பாசிட்டிவ். இப்ப ஓ பாசிட்டிவ். நான் பொறந்ததுல இருந்தே ஓ பாசிட்டிவ். இப்ப நீயே சொல்லு, யாரு ரத்தம்?

என் அக்காதான். ராஜக்கனி. நான் சண்முகக்கனி. அவ பக்கத்துல பேப்பர் படிக்கிற மாதிரி தூங்குறாகளே, அது அத்தான். தவமணின்னு பேரு. ரயில் டிக்கெட் போடுறப்ப எனக்கு மட்டும் தனியா இங்கிட்டு விழுந்துருச்சு. அதுவும் நல்லதுதான். அவ பக்கத்துல உக்காந்தா, ஜன்னலைச் சாத்துன்னு நான் சொல்ல, அவ முறைக்க, அத்தான் நடுவுல கெடந்து முழிக்க, விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள ஒரு சண்டை வந்துரும். இந்தா, முறுக்கு எடுத்துக்க. நீ திருச்சியிலதானே எறங்கணும்? நேரம் கெடக்கு.

எனக்குச் சாத்தூர்ல நைட்டிக் கடை. நாலு மிசின் ஓடுது. விருதுநகர்ல இருந்தெல்லாம் வந்து வாங்கிட்டுப் போவாக. இவ மட்டும் ரொம்ப வருசம் வரல. ஏன்னா எனக்கும் அவளுக்கும் ஒம்பது வருசம் பேச்சுவார்த்தை கெடையாது, போன வருசம் வரைக்கும். என்ன காரணம்னு கேளு. நீ கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன்.

விருதுநகர்ல அவ வீடு கட்டினா, மாடி வச்சு. பால்காய்ப்புக்கு ஊரையே கூப்பிட்டா. அத்தானுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா ஒருத்தர், அவரு இவளை எந்தக் கல்யாணத்துலயும் மதிச்சுப் பேசினது கெடையாது, அவரு வீட்டுக்குத் தட்டுல வெத்தலை பாக்கோட போய் நின்னு கூப்பிட்டா. எனக்கு? கூடப் பொறந்தவளுக்கு? பத்திரிகையை அத்தான் கடையில வேலை பாக்குற ஆள்கிட்ட குடுத்துவிட்டா. அந்த ஆளு வந்தப்ப நான் கடையில இல்ல, காய் வாங்கப் போயிருந்தேன். மிசின் மேல வச்சிட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு அது வெட்டுத்துணிக்கு அடியில கெடந்துச்சு. நாலு பேரு மூலமா கேட்டுவிட்டேன். அதுக்கு அவ, தங்கச்சிக்கு எதுக்கு வெத்தலை பாக்கு, அவ வர வேண்டியவதானேன்னு சொன்னாளாம். அப்ப மூணாம் மனுசருக்கு உள்ள மரியாதை கூட எனக்குக் கெடையாதா? கூப்பிடாத வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்னுட்டேன். மிதிக்கல. அந்த வீட்டுத் தரை மொசைக்கா டைல்ஸான்னு கூட எனக்கு அப்பத் தெரியாது. டைல்ஸ்தான், வெள்ளையில நீலப் புள்ளி. கேள்விப்பட்டேன்.

முந்தின வருசம் ஆடி மாசம் அத்தான் என் கடைக்கு வந்தாக. தையல் மிசின் பக்கத்துல நின்னுக்கிட்டு, "கனி, உங்க அக்காவுக்கு ரத்தப் புற்றுநோயாம்"னாக. எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்காம், அதுலதான் ரத்தம் ஊறுதாம். அது கெட்டுப்போச்சாம். முதல்ல மருந்து குடுத்துப் பாப்பாகளாம், அப்புறம் கெட்டதையெல்லாம் சுத்தமா அழிச்சிட்டு வேற ஒருத்தரோட அணுவை உள்ள விடணுமாம். கூடப் பொறந்தவகளோடதுதான் முதல்ல பாப்பாகளாம், அதுவும் நாலுல ஒண்ணுதான் பொருந்துமாம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அவ கேக்கச் சொன்னாளா?" "இல்லம்மா, நான் வந்ததே அவளுக்குத் தெரியாது"ன்னாக. சரி, பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். நான் அம்புட்டு லேசுல எறங்கி வர்ற ஆளு இல்ல. அவுக ஏறின பஸ்ல நானும் ஏறினேன், அது வாஸ்தவம். எனக்கு அன்னிக்கு விருதுநகர்ல லேஸ் வாங்க வேண்டியிருந்துச்சு.

டெஸ்ட்டுல பத்துக்குப் பத்து பொருத்தம். பள்ளிக்கூடத்துல கூட நான் பத்துக்குப் பத்து வாங்கினது கெடையாது. மார்கழியில சென்னைக்குப் போனோம். டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன்: அய்யா, ரத்தம் குடுக்குறேன், ஆனா அவகிட்ட பேச மாட்டேன், அது வேற இது வேற. அவரு என்னையும் பாத்தாரு, அத்தானையும் பாத்தாரு. "பேசுறதுக்கு எங்ககிட்ட ஃபாரம் எதுவும் இல்லம்மா. ரத்தத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க போதும்"னாரு. தங்கமான மனுசன்.

அஞ்சு நாள் ஊசி போட்டாக, என் எலும்புக்குள்ள இருக்குற அணுவெல்லாம் வெளிய ரத்தத்துக்கு வரணும்னு. இடுப்புல ஒரு வலி வலிச்சுது பாரு, பிரசவத்துல கூட நான் அப்படிச் சத்தம் போடல. அப்புறம் ரெண்டு கையிலயும் ஊசியக் குத்தி ஒரு மிசின்ல மாட்டிவிட்டாக. ஒரு கையில ரத்தம் போகுது, மிசின் வேணுங்குறத எடுத்துக்கிட்டு மிச்சத்தை மறு கையில திருப்பி விடுது. அஞ்சு மணி நேரம். கடைசியில பாத்தா, இம்புட்டூண்டு பை. இதுக்கா இந்தப் பாடுன்னு கேட்டேன். கலைமதின்னு ஒரு நர்ஸ் பொண்ணு, தர்மபுரிப் பக்கம், "இதுல கோடிக்கணக்குல இருக்கும்மா"ன்னுச்சு. அதுக்குப் பெறகு அந்தப் பைய அது தூக்கிட்டுப் போறப்ப, பாத்துப் போ, பாத்துப் போன்னு வாசல் வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேன்.

அக்காவைக் கண்ணாடி ரூம்ல வச்சிருந்தாக. தலையில ஒரு முடி கெடையாது. வாயெல்லாம் புண்ணு. நெஞ்சுல ஒரு குழாய். அது வழியாத்தான் என்னோடத ஏத்தினாக. நாங்க வெளிய இருந்து பாக்கலாம், சாயங்காலம் நாலு மணிக்கு. உள்ள ஒரு போனு, வெளிய ஒரு போனு. போனை அத்தான்தான் வச்சிருப்பாக. நான் பக்கத்துல நின்னு, "மாத்திரையை ஒழுங்கா முழுங்கச் சொல்லுங்க"ன்னுவேன். அவுக அதைச் சொல்லுவாக. அவ உள்ள இருந்து, "கை வீங்கிருந்துச்சே, வடிஞ்சிருச்சான்னு கேளுங்க"ன்னுவா. அவுக அதை என்கிட்ட கேப்பாக. நான், "வடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க"ன்னுவேன். அவளும் நானும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டேதான் நிப்போம். பேசல, அம்புட்டுதான்.

டாக்டர் எனக்குப் புரியுற மாதிரி சொன்னாரு. "உங்க அக்கா எலும்புக்குள்ள இருந்த பழைய ஆளுங்களையெல்லாம் காலி பண்ணியாச்சு. வீடு காலியா இருக்கு. உங்க அணுக்கள் இப்ப ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கும். அதுங்களா வீட்டைத் தேடிப் போய்க் குடியேறணும். குடியேறிப் பெருகி வெளிய வந்தாத்தான் கவுண்ட் ஏறும். பன்னெண்டு நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம்"னாரு. அதுவரைக்கும் ஒரு சளி புடிச்சாக்கூட அவ தாங்க மாட்டா. எதிர்த்து நிக்க உடம்புல ஆளே கெடையாது.

தெனமும் காலையில ரத்தம் எடுப்பாக. வெள்ளை அணு நமக்கெல்லாம் நாலாயிரத்துக்கு மேல இருக்கணும். அவளுக்கு நூறு. மறுநாள் நூறு. அதுக்கு மறுநாள் அம்பது. அத்தான் காலையில போய்க் கேட்டுட்டு லாட்ஜுக்கு வந்து சொல்லுவாக. எனக்கு என்னமோ நான் எழுதின பரிச்சைக்கு மார்க் வர்ற மாதிரி இருக்கும். என் அணு இல்லையா? அதனால நான் நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சேன். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல். நான் தெம்பா இருந்தாத்தானே அங்க அதுங்க தெம்பா இருக்கும்? கலைமதிப் பொண்ணு கேட்டுட்டுச் சிரிச்சுச்சு. "அம்மா, குடுத்தது குடுத்ததுதான். நீங்க லாட்ஜுல ஈரல் தின்னா இங்க வளராது"ன்னுச்சு. அது சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? நான் பாட்டுக்குத் தின்னேன். மூணு கிலோ கூடிருச்சு. எனக்கு.

பன்னெண்டு ஆச்சு. பதினாலு ஆச்சு. பக்கத்து ரூம்ல ஓசூர்க்காரர் ஒருத்தருக்குப் பதிமூணாம் நாளே கவுண்ட் ஏறி, அவரு பொண்டாட்டி லாட்ஜு பூராவும் பால்கோவா குடுத்துச்சு. நானும் வாங்கித் தின்னேன். அந்த ஆளுக்குக் குடுத்தது அவரு தம்பியாம், பீடி குடிக்கிறவன். அவன் அணு போய் உக்காந்துருச்சு, ஈரல் தின்னுற என் அணு உக்காரல.

பதினாறாம் நாளு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. "இன்னும் நேரம் இருக்கு. இருபத்தொண்ணு வரைக்கும் பாப்போம். அப்பவும் வரலைன்னா மறுபடி உங்ககிட்ட எடுக்குறதைப் பத்தி யோசிக்கணும்"னாரு. அதுவரைக்கும் தாங்குவாளான்னு அத்தான் கேட்டாக. அவரு ரிப்போர்ட்டை மறுபடி புரட்ட ஆரம்பிச்சாரு. அப்பத்தான் தாயி எனக்குப் பயம் வந்துச்சு. அதுவரைக்கும் நான் பயப்படவே இல்ல. ராவெல்லாம் தூங்காமக் கெடந்தது பயத்துனால இல்ல, அந்த லாட்ஜுல மூட்டைப்பூச்சி.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தோம். அப்பத்தான் எனக்கு விசயம் பிடிபட்டுச்சு. "அத்தான், அதுங்க ஏன் உள்ள போகலைன்னு தெரிஞ்சிருச்சு"ன்னேன். அவுக என்னைப் பாத்தாக. "அது யாரு அணு? என் அணு. எனக்கு உள்ள ரோஷம் அதுக்கு இருக்காதா? டாக்டரே சொல்லிட்டாரு, வீடு தேடிப் போய்க் குடியேறணும்னு. கூப்பிடாத வீட்டுக்கு அதுங்க எப்படிப் போகும்? வாசல்லயே நிக்குதுங்க. அவளை ஒரு வார்த்தை வான்னு சொல்லச் சொல்லுங்க." அத்தான் சிரிச்சாக தாயி. ஒரு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே இருந்தவுக அப்படியே துண்டை மொகத்துல வச்சு அழுதுட்டாக.

இருந்தாலும் சாயங்காலம் போனை எடுத்து அவகிட்ட சொன்னாக. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயெல்லாம் புண்ணு, தண்ணி குடிக்கவே கண்ணுல தண்ணி வந்துரும் அவளுக்கு. அந்த வாயை வச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "மாட்டேன். இப்ப கூப்பிட்டா, உசிருக்குப் பயந்து கூப்பிட்டேன்னு ஆயிரும். காலமெல்லாம் அதையே சொல்லிக் காட்டுவா. அவளை எனக்குத் தெரியாதா? மாட்டேன்னு சொல்லுங்க." அத்தான் அதை என்கிட்ட சொல்லவே இல்ல, போனை வச்சிட்டாக. சொல்லணுமா? போனுல இருந்து எனக்கே கேட்டுச்சு. எம்புட்டு திமிரு பாத்தியா? சாவு வாசல்ல நின்னுக்கிட்டு.

மறுநாளு அத்தான் ஊருக்குக் கெளம்பிட்டாக, கடையில ஒரு அவசரம், ரெண்டு நாள்ல வந்துருவேன்னு. நான் லாட்ஜுல தனியா. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, நீயும் சொல்லாத. மத்தியானம் கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிக்கிட்டு இருந்தேன். என்னைப் பாத்து நானே சொன்னேன்: "அடியே, போதும்டி ரோஷம். அவ கூப்பிட மாட்டா. அவ பொறவிக்குணம் அது. நீங்க போங்க. நான் சொல்றேன், போய் உள்ள உக்காருங்க. எனக்கு இருக்கிறது ஒரு அக்காதான்." யார்கிட்ட சொன்னேன்னா கேக்குற? அணுக்கள்கிட்டதான். சொல்லிட்டு அழுதேன். சீப்பைக் கையில வச்சுக்கிட்டே அழுதேன்.

ஆனா அதுனால ஒண்ணும் நடக்கல. நடந்தது மறுநாள்தான், பதினெட்டாம் நாளு. அத்தான் இல்லாததால காலையில கவுண்ட் சொல்ல ஆளு இல்ல. நாலு மணிக்கு நான் மட்டும் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னேன். அவ கட்டில்ல எந்திரிச்சு உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் போனை எடுத்தா. வெளிய இருக்குற போனை எடுக்க ஆளில்ல. வேற வழி? நான்தான் எடுத்தேன்.

"சண்முகக்கனி"ன்னா. ஒம்பது வருசம் கழிச்சு எம்பேரு. அப்புறம் பக்கத்துல மாத்திரை வைக்கிற எவர்சில்வர் தட்டு இருந்துச்சு, அதுல ரெண்டு மாத்திரை. அந்தத் தட்டை ரெண்டு கையாலயும் எடுத்து, வெத்தலைத் தட்டு நீட்டுற மாதிரி என் பக்கமா நீட்டுனா. "எங்க வீட்டுக்கு வாடி. அன்னிக்கே நான் நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும். தங்கச்சிதானே, வந்துருவான்னு நெனச்சேன். தப்புதான். இங்க வெத்தலை பாக்கு விட மாட்டேங்குறாக. இதை வெத்தலையா நெனச்சுக்க. வருவியா?" "மாத்திரையை முழுங்கு, வர்றேன்"னேன்.

போனை வச்சிட்டுத் திரும்புறேன், கலைமதிப் பொண்ணு வந்து நிக்குது, மொகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, கவுண்ட் வந்துருச்சு. எண்ணூறு." கேட்டுக்கோ தாயி. அவ கூப்பிட்டு அஞ்சு நிமிசம் ஆகல. மூணு நாள் கழிச்சு ரெண்டாயிரம். அப்புறம் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவும் ஏற ஆரம்பிச்சுச்சு. டாக்டர் என்னென்னமோ காரணம் சொன்னாரு, சிலருக்குத் தாமதமாகும், அப்படி இப்படின்னு. நான் தலையை ஆட்டிக்கிட்டேன். அவரு படிச்ச படிப்புல இது இருக்காது.

இந்த ஒரு வருசத்துல இதைச் சொல்லாத ஆளு கெடையாது. சாத்தூர்ல பாதிப்பேருக்குத் தெரியும். கடைக்கு நைட்டி எடுக்க வர்றவகளுக்கெல்லாம் சொல்லுவேன். அவளை வச்சுக்கிட்டே சொல்லுவேன்: பாரு, வெத்தலை பாக்குக்கே கணக்குப் பாத்தவ, உசிருன்னு வந்ததும் எப்படி எறங்கி வந்தா பாருன்னு. அவ காப்பி குடிக்கிறியாடின்னு எந்திரிச்சுப் போயிருவா. பேச வாய் ஏது? இப்ப ஒரு வருசச் செக்கப் முடிச்சிட்டு வர்றோம். எல்லாம் சுத்தம்னுட்டாரு டாக்டர். அவ எலும்புக்குள்ள நூத்துக்கு நூறு என் அணுதானாம்.

என்ன சிரிக்கிற? நம்பலியா? ஃபைலு இருக்கு, இரு எடுக்குறேன். இந்தா, பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன் பாரு, அதுதான் அன்னிக்கு வந்த ரிப்போர்ட்டு. எனக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டத்தான் வரும். நீ படி. எண்ணூறுன்னு போட்டிருக்கா? ஆங், போட்டிருக்குல்ல. தேதி? சரியா இருக்கா? மேல என்ன, மணியா? என்ன மணி?

ரத்தம் எடுத்தது காலையில அஞ்சு பத்தா? ரிப்போர்ட்டு எட்டே முக்காலா?

இருக்காது தாயி. கம்ப்யூட்டர்ல தப்பா விழுந்திருக்கும். அவ கூப்பிட்டது சாயங்காலம் நாலு மணிக்கு. நல்லாப் பாரு. அடுத்த நாளோடதைப் பாரு. அதுலயும் அஞ்சு மணிதானா. ஆமா, தெனமும் விடியக்காலையிலதான் எடுப்பாக. நானே சொன்னேன்ல.

அப்ப கவுண்ட் காலையிலயே வந்துருச்சு. ஒம்பதரைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. வந்தா முதல்ல கவுண்டைத்தான் சொல்லுவாரு. அப்ப அவளுக்கு… காலையிலயே தெரிஞ்சிருக்கு. இரு, இரு. மத்தியானம் நான் லாட்ஜுல இருந்து வார்டுக்குப் போன் போட்டேன் தாயி. கலைமதிதான் எடுத்துச்சு. கவுண்ட் என்னம்மான்னு கேட்டேன். "நாலு மணிக்கு வாங்கம்மா, உங்க அக்கா உங்ககிட்ட பேசணுமாம், நீங்க பேசின பெறகு நான் சொல்றேன்"னுச்சு. கெட்ட சேதி போலன்னு நெனச்சுக்கிட்டே போனேன்.

பொழைச்சிட்டோம்னு தெரிஞ்ச பெறகு கூப்பிட்டிருக்கா. உசிருக்காகக் கூப்பிட மாட்டேன்னு சொன்னாள்ல, அதே மாதிரி உசிருக்காகக் கூப்பிடல. எனக்காகக் கூப்பிட்டிருக்கா.

ஒரு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, உசிருக்குப் பயந்து கூப்பிட்டான்னு. அவளை வச்சுக்கிட்டே சொன்னேனே. அவ ஒரு தடவை கூட இல்லைன்னு சொல்லல தாயி. காப்பி குடிக்கிறியான்னுதான் கேட்டா.

அந்த ஃபைலைக் குடு. ஒண்ணுமில்ல, அழுகைதான், நிக்கட்டும். கொஞ்சம் காலை மடக்கிக்க, நான் வெளிய வரணும். அத்தானை இங்கிட்டு அனுப்புறேன், கொறட்டை விடுவாக, திருச்சி வரைக்கும் பொறுத்துக்க. என்ன கேக்கப் போறேனா? ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டா, ஆமாடி, உசிருக்குப் பயந்துதான் கூப்பிட்டேன், இப்ப என்னாங்குறன்னு சாதிப்பா. எனக்குத் தெரியும் அவளை. சும்மா பக்கத்துல போய் உக்காந்துக்கிறேன்.